“சாய குடிச்சோ?” – கோழிக்கோட்ல என் டயட் இன்டர்ன்ஷிப்

நோன்பும் முடிஞ்சு பெருநாளும் முடிஞ்சு இப்பதான் ஓபி (வெளிநோயாளி பிரிவு) கொஞ்சம் லேசாச்சு, அதான் உக்காந்து எழுத முடியுது. ஜனவரில வந்தேன், மூணு மாசம் தாண்டிடுச்சு, இன்னும் மூணு மாசம் பாக்கி இருக்கு. மறந்து போறதுக்குள்ள எழுதி வச்சிடணும்னு ரொம்ப நாளா மனசுல ஓடிட்டே இருந்துச்சு.

சேலம் ஜில்லா ஆத்தூர்தான் நமக்கு ஊரு. எம்.எஸ்சி டயட்டெடிக்ஸ் முடிச்சதும் ஆர்டி எக்ஸாம், அதாவது இந்தியன் டயட்டெடிக் அசோசியேஷன் நடத்துற ரிஜிஸ்டர்டு டயட்டீஷியன் பரீட்சை எழுதணும்னா பெரிய ஆஸ்பத்திரி ஒன்னுல ஆறு மாசம் இன்டர்ன்ஷிப் முடிச்சிருக்கணும். சென்னை, கோயம்புத்தூர்னு எல்லா இடத்துக்கும் மெயில் போட்டேன், எங்கயும் இடம் இல்ல, கடைசில கோழிக்கோட்ல இருந்து மட்டும் வரச்சொல்லி பதில் வந்துச்சு. கேரளால படிச்ச சீனியர் ஒரு அக்கா “சாப்பாடு நல்லா இருக்கும் போ” அப்படின்னாங்க. அம்மா ஒரு பை நிறைய தட்டுவடை கட்டிக் கொடுத்தாங்க. ராத்திரி சேலத்துல மங்களூர் மெயில் ஏறி படுத்தேன், விடியக்காலம் முழிப்பு வந்தப்போ ஜன்னலுக்கு வெளிய இருட்டுல பாரதப்புழா ஆறு தெரிஞ்சுது, தண்ணியைவிட மணல்தான் அதிகம். அப்போ பயமா எல்லாம் இல்ல. மலையாளம் பாதி புரியும், சாப்பாடும் அரிசி தேங்கா மீனுதானே, நமக்குத் தெரியாததா அப்படிங்கற நெனப்புலதான் வந்து இறங்குனேன்.

அந்த நெனப்பு நாலாவது நாளே உடைஞ்சுது.

டயாபடிக் ஓபில ஒரு உம்மா (இங்க முஸ்லிம் வீட்டு அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவாங்க) வந்தாங்க, அறுபது வயசுக்கு மேல இருக்கும் (அவங்களை அடையாளம் காட்டுற எதையும் இங்க எழுதல). என் வேலை 24 மணி நேர ரீகால் எடுக்கறது, நேத்து காலையில இருந்து இன்னைக்கு காலை வரைக்கும் என்னென்ன சாப்பிட்டாங்க, எவ்வளவு சாப்பிட்டாங்கன்னு கேட்டு ஃபார்ம்ல எழுதணும். எனக்குத் தெரிஞ்ச மலையாளத்துல காலையில என்ன கழிச்சீங்கன்னு, அதாவது என்ன சாப்பிட்டீங்கன்னு கேட்டேன். “ராவிலெ சாய குடிச்சு மோளே” (காலையில டீ குடிச்சேன் மகளே) அப்படின்னாங்க. வேற ஒன்னும் இல்லையான்னேன். “இல்ல, சாய குடிச்சு, பின்னெ உச்சக்கு சோறு.” மத்தியானம்தான் சோறாம். நானும் டீ ஒரு கப்பு, காலை உணவு இல்லைன்னு எழுதிட்டேன். காலை உணவைத் தவிர்க்கறாங்கன்னு கீழ சிவப்பு பேனால கோடும் போட்டேன். அதோட நிக்காம, காலையில கட்டாயம் சாப்பிடணும், மூணு இட்லி ஒரு கப் சாம்பார்னு சார்ட்டும் போட்டு சேச்சிகிட்ட கையெழுத்துக்குக் கொண்டு போனேன். சேச்சின்னா எங்க சீனியர் டயட்டீஷியன், இங்க எல்லாரும் அவங்களை அப்படித்தான் கூப்பிடுவாங்க.

சேச்சி ஃபார்மைப் பார்த்தாங்க, லேப் ரிப்போர்ட்டைப் பார்த்தாங்க, திரும்ப ஃபார்மைப் பார்த்தாங்க. அப்புறம் என்னைப் பக்கத்துல உக்கார வச்சு மெதுவா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. இவங்க காலையில இன்சுலின் போடறாங்க. இன்சுலின் போட்டுட்டு ஒன்னும் சாப்பிடலைன்னா சுகர் கீழ போய் மயங்கி விழுந்திருக்கணும். ஆனா சாப்பாட்டுக்கு அப்புறம் ரெண்டு மணி நேர ரீடிங் 280 இருக்கே, எப்படி?

என்கிட்ட பதில் இல்ல. வெளிய போய் அந்த உம்மாவைத் திரும்பக் கூட்டிட்டு வந்தாங்க. “உம்மா, சாயக்கு எந்தாயிருந்நு கடி?” அவ்வளவுதான் கேட்டாங்க. “புட்டும் கடலயும், பின்னெ ரெண்டு பழம்.” கடலன்னா கொண்டைக்கடலைக் கறி. எவ்வளவு புட்டுன்னா ஒரு குற்றி, அதாவது ஒரு முழுக் குழல். பழம்னா நம்ம ரஸ்தாளி சைஸ் இல்ல, நேந்திரம் பழம், புழுங்குனது.

இங்க காலையில “சாய குடிச்சோ?”ன்னு கேட்டா டிஃபன் சாப்டாச்சான்னு அர்த்தம். சாயா அதுல ஒரு ஓரம்தான். புட்டு, வெள்ளப்பம், பத்திரி, மீன் கறின்னு மொத்தமும் அந்த ஒத்தை வார்த்தைக்குள்ள அடங்கிடுது. சாயாவோட கடிச்சுக்கறதுக்குப் பேரு கடி. அந்த உம்மா ஒரு வார்த்தைகூட மறைக்கல, நான்தான் கேக்கத் தெரியாம கேட்டிருக்கேன். ஒரு குற்றி புட்டுக்கு கிட்டத்தட்ட 100 கிராம் அரிசி மாவு போகும், ரெண்டு நேந்திரம் பழத்தையும் சேர்த்தா அந்த ஒரு வேளைக்கே 130, 140 கிராம் கார்போஹைட்ரேட் தாண்டிடும். அதை நான் பூஜ்ஜியம்னு எழுதி, அதுக்கும் மேல மூணு இட்லி சாப்பிடுங்கன்னு சொல்லி அனுப்ப இருந்தேன். சேச்சி கண்ணுல படாம அந்த சார்ட் வீட்டுக்குப் போயிருந்தா என்ன ஆகியிருக்கும்னு அன்னைக்கு ராத்திரி ரூம்ல நெனச்சு நெனச்சு அழுதேன். வெக்கத்துனால வந்த அழுகை இல்ல அது, ஒருத்தரோட உடம்புல விளையாடிட்டேனேங்கற பயம்.

மறுநாளே ஒரு நாப்பது பக்க நோட்டு வாங்கி வார்த்தை எழுத ஆரம்பிச்சேன். மரவள்ளிக்கிழங்கைக் கேரளால பொதுவா கப்பன்னு சொல்லுவாங்க, இங்க கோழிக்கோடு மலப்புறம் பக்கம் பூளன்னு சொல்றாங்க. பப்பாளிக்கு கர்மூஸ. தர்பூசணிக்கு வத்தக்க. இது எதுவும் மலையாளம் கத்துக்கற ஆப்ல வராது, வார்டுல கட்டில் பக்கத்துல நின்னாதான் கிடைக்கும். ஆயா வேலை பாக்கற ஒரு சேச்சிதான் எனக்கு முக்கால்வாசி சொல்லிக் கொடுத்தாங்க, ஒவ்வொரு தட்டா எடுத்துட்டுப் போகும்போதே பேரு சொல்லிட்டே போவாங்க.

நான் தங்கியிருக்கறது ஒரு வீட்டு மாடில. கீழ இருக்கற வீட்டம்மாவை இத்தா (அக்கா) அப்படின்னுதான் கூப்பிடுவேன், அவங்க என்னை மோளேன்னுதான் கூப்பிடுவாங்க, பேரு சொன்னதே இல்ல. நான் இந்த புட்டுக் கதையைச் சொன்னப்போ அவங்க சிரிக்கல, “நீ நாளைக்கு அடுக்களைக்கு வா” அப்படின்னாங்க. அடுத்த நாள் அஞ்சரை மணிக்கே இறங்கிப் போனேன்.

அரிப்பத்திரி போட்டாங்க. எனக்கு அதைச் சரியா சொல்லணும், ஏன்னா இவ்வளவு எளிமையான ஒரு பண்டத்துல இவ்வளவு கை வேலை இருக்கும்னு நான் நெனைக்கல. தண்ணியைக் கொதிக்க வச்சு உப்பு போட்டு, நைசா அரைச்சு வறுத்த அரிசி மாவை ஒரேயடியா கொட்டி, மரக்கரண்டியால ஒரு கிளறு, மூடி வச்சு அடுப்பை அணைச்சுட்டாங்க. கொஞ்ச நேரத்துல கை பொறுக்கற சூடு வந்ததும் (எனக்குப் பொறுக்கல, அவங்களுக்குப் பொறுத்துச்சு) நல்லா அழுத்திப் பிசைஞ்சாங்க, ஆறிட்டா விரிசல் விடுமாம். சின்ன உருண்டை, மாவு தூவி தேச்சு, ஓரத்தை ஒரு எவர்சில்வர் மூடியால அழுத்தி வட்டமா வெட்டி எடுத்தாங்க. காஞ்ச ஓட்டுல போட்டு ஒரு திருப்பு, ரெண்டாவது திருப்பு, மூணாவது திருப்புல துணியால லேசா தொட்டதும் பூரி மாதிரி உப்பி வந்துச்சு, ஒரு சொட்டு எண்ணெய் இல்ல. வெள்ளைத் துணி மாதிரி மடிக்கலாம். எடுத்து தேங்காப்பால்ல தொட்டு அடுக்கிக்கிட்டே போனாங்க.

நான் பையில இருந்து டிஜிட்டல் தராசை எடுத்தேன். ஹைதராபாத்ல இருக்கற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017ல போட்ட உணவு அட்டவணைதான் எங்களுக்கு வேதம், 528 உணவுப் பொருளுக்குக் கணக்கு இருக்கு. ஆனா அது அரிசி, தேங்கா, மீனுன்னு பொருளுக்குத்தான், சமைச்ச பத்திரிக்கு அதுல கணக்கு கிடையாது. அதனால மாவு எவ்வளவு போட்டாங்க, எத்தனை பத்திரி வந்துச்சுன்னு எண்ணி, பாலுக்கு முன்னாடி பாலுக்கு அப்புறம்னு நிறுத்தேன். இத்தாவோட பத்திரி ஒன்னு 28 கிராம், அதுல மாவு பாதி தண்ணி பாதி. அப்போ ஒரு பத்திரிக்கு 11, 12 கிராம் கார்ப், நம்ம ஊரு நடுத்தர இட்லி ஒன்னுக்கு ஏறக்குறைய சமம். நோட்டுல பெருசா எழுதிக்கிட்டேன். இனிமே யாருக்கும் இங்க மூணு இட்லின்னு எழுத வேண்டாம், மூணு பத்திரின்னு எழுதலாம், அந்தத் தேங்காப்பாலைக் குறைச்சா போதும். இட்லியைத் திணிக்கறதுக்கு யாரு நான்? அவங்க அறுபது வருஷமா காலையில பத்திரி தின்னவங்க.

இன்னொன்னு சொல்லணும், அரிசி விஷயம். இங்க மத்தியானம் செவப்பு புழுங்கல் அரிசிச் சோறு. பேஷண்ட்ல நிறைய பேரு “அது மட்ட அரி, சுகர் ஏறாது”ன்னு உறுதியா நம்பி தட்டு நிறைய சாப்பிடறாங்க. நாரு கொஞ்சம் கூட இருக்கு, அது நல்லதுதான், ஆனா மாவுச்சத்து வெள்ளை அரிசிக்குப் பெரிய வித்தியாசமே கிடையாது, அளவு அளவுதான். அதேசமயம் புழுங்கல் அரிசியை நான் விட்டுக்கொடுக்கவும் மாட்டேன். நெல்லை அவிக்கும்போது தவிட்டுல இருக்கற பி1 வைட்டமின் அரிசிக்குள்ள இறங்கிடுது, பச்சரிசியைத் தீட்டுனா அது தவிட்டோட போயிடுது, அப்படிப் போய் வந்த வியாதிதான் பெரிபெரி. அதை ஆராயறதுக்குன்னு 1918ல நம்ம குன்னூர்ல பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டுக்குள்ள ஒத்தை ரூம்ல ராபர்ட் மெக்காரிசன் ஆரம்பிச்ச பிரிவுதான் வளர்ந்து, 1958ல ஹைதராபாத்துக்கு மாறி, இன்னைக்கு நாங்க வேதம்னு சொல்ற அந்த நிறுவனமா நிக்குது. படிக்கும்போது இதை ரெண்டு மார்க் கேள்வியா மனப்பாடம் பண்ணேன். இத்தா வீட்டு அடுப்புல அந்தச் செவப்புச் சோறு கொதிக்கறதைப் பார்த்தப்பதான் மண்டையில ஏறுச்சு.

சுகர்னு சொன்னா கேரளால அது சின்ன விஷயம் இல்லீங்க. 2023ல வந்த ஐசிஎம்ஆர்-இந்தியாப் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலோட சர்க்கரை நோய்க் கணக்கெடுப்பு) ஆய்வுல நாடு முழுக்க பெரியவங்கள்ல 11.4 சதவீதம் பேருக்கு சர்க்கரை நோய்னா கேரளால மட்டும் 25.5. நாலுல ஒருத்தர். திங்கக்கிழமை காலை ஓபி வரிசையைப் பார்த்தா அந்தக் கணக்கு கண்ணு முன்னாடி நிக்கும்.

அப்புறம் மார்ச்ல நோன்பு வந்துச்சு. நான் இங்க கத்துக்கிட்டதுல பாதி அந்த ஒரு மாசத்துல கத்துக்கிட்டதுதான்.

சாயங்காலம் பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழம் தண்ணி. அப்புறம் தரிக்கஞ்சி, அதாவது ரவையைப் பால்ல காய்ச்சி சர்க்கரை போட்டு, நெய்யில சின்ன வெங்காயமும் முந்திரியும் வறுத்துக் கொட்டுனது, இனிப்புக் கஞ்சில வெங்காயமான்னு யோசிச்சேன், குடிச்சதும் யோசனை போயிடுச்சு. கூடவே சமோசா, கட்லெட், உன்னக்காய். உன்னம்னா நம்ம இலவமரம், நேந்திரம் பழத்தை வேகவச்சு மசிச்சு உள்ள தேங்காயும் சர்க்கரையும் முந்திரியும் வச்சு இலவங்காய் மாதிரியே ரெண்டு முனையும் கூரா உருட்டிப் பொரிக்கறது. பிறகு பத்திரியும் கறியும். ராத்திரி தொழுகை முடிஞ்சு முத்தாழம்னு ஒரு ஜீரகக் கஞ்சி. விடியறதுக்கு முன்னாடி அத்தாழம். பகல் பூரா ஒன்னும் இல்லாத வயித்துக்கு ஒரே ராத்திரில இவ்வளவு.

நான் உடனே ஒரு நோன்பு சார்ட் எழுதினேன். பொரிச்சது கூடாது, தரிக்கஞ்சி கூடாது, முளைகட்டின பயறு சாலட், வெள்ளரிக்கா. சேச்சி அதைப் படிச்சுட்டு பேனாவை எடுத்து சாலட்டை மட்டும் அடிச்சாங்க. “வருஷம் பூரா காத்திருந்து வீடே ஒன்னா உக்காந்து சாப்பிடற தட்டு இது, நீ காலி பண்ணிட்டா அந்தச் சார்ட்டை ஒருத்தரும் பிரிச்சுப் பார்க்க மாட்டாங்க, அப்போ இன்சுலின் நேரம்னு நீ எழுதுனதும் சேர்ந்து குப்பைக்குப் போயிடும்”னாங்க. திரும்ப எழுதினோம். பொரிச்சது நாலு வகை இருந்தா ஒன்னு எடுங்க, அதுவும் ஒன்னே ஒன்னு. தரிக்கஞ்சி சர்க்கரை போடாம அரை டம்ளர். பத்திரி நாலு, கறியில மிதக்கற எண்ணெயை ஓரம் கட்டிட்டு துண்டைச் சாப்பிடுங்க. அத்தாழத்தை சாயாவும் பழமுமா முடிக்காதீங்க, முடிஞ்ச வரைக்கும் கடைசி நேரத்துல கொஞ்சம் செவப்புச் சோறு, மீனு, உப்பேரி (காய்ப் பொரியல்) அப்படின்னு உக்காந்து சாப்பிடுங்க. மத்தி மீனா இருந்தா ரொம்ப நல்லது, விலையும் பெரும்பாலும் கம்மி, ஒமேகா 3யும் இருக்கு.

யாரு நோன்பு வைக்கலாம் யாரு கூடாதுன்னு முடிவு பண்றது டாக்டர். எங்க வேலை அதுக்கு அப்புறம். விரல்ல குத்தி சுகர் பார்த்தா நோன்பு முறிஞ்சிடும்னு பயந்துக்கிட்டு பகல்ல மெஷினையே தொடாதவங்க நிறைய பேரு இருந்தாங்க, அதனால முறியாதுன்னு பள்ளிவாசல்லயே உஸ்தாதுங்க சொல்றாங்க. 70க்குக் கீழ வந்தாலும் 300க்கு மேல போனாலும் எத்தனை மணியா இருந்தாலும் முறிச்சிடணும், இதை மட்டும் ஒவ்வொருத்தர் சார்ட்லயும் தடிமனா எழுதுனோம்.

ஒரு நாள் ஒரு பெரியவர் வந்து எதிர்ல உக்காந்தார். ஒன்னும் கேக்கல. கொஞ்ச நேரம் கழிச்சு, நேத்து நாலரை மணிக்குக் கை நடுங்குச்சு, மெஷின்ல 64 காட்டுச்சு, நீங்க எழுதிக் கொடுத்த மாதிரி மூணு ஈத்தப்பழம் தின்னேன்னு சொன்னார். சொல்லிட்டு அழுதுட்டார். “ரெண்டு மணிக்கூரே பாக்கி உண்டாயிருந்நுள்ளூ மோளே.” நோன்பு திறக்க ரெண்டு மணி நேரம்தான் பாக்கி இருந்துச்சாம். சின்ன வயசுல இருந்து ஒரு நோன்பும் விட்டதில்லையாம். எனக்கு வாய்ல வார்த்தை வரல. உயிரைக் காப்பாத்திக்கறது பாவம் இல்ல, விட்டதைப் பிறகு களா வச்சுக்கலாம்னு உஸ்தாது சொன்னாராம், அதை அவரே எனக்கும் சொல்லி, அவரே அவரைத் தேத்திக்கிட்டார். சுகர் இறங்கினா 15 கிராம் சர்க்கரை, 15 நிமிஷம், திரும்பப் பாருன்னு நான் எத்தனை தடவை பரீட்சையில எழுதியிருப்பேன். அந்த மூணு பேரீச்சம்பழத்தை வாயில வைக்க அவருக்கு எவ்வளவு ஆகியிருக்கும்னு எந்தப் புத்தகத்துலயும் இல்ல.

டயாலிசிஸ் வார்டுக்கு இப்பதான் மாத்தியிருக்காங்க, அதைப் பத்தி இன்னும் முழுசா எழுதத் தெரியல. ஒன்னு மட்டும். கிட்னி போனவங்களுக்கு பொட்டாசியம் கூடிடக் கூடாது, இளநீர், பேரீச்சை, நேந்திரம் பழம்னு இந்த ஊரே பொட்டாசியத்துலதான் மிதக்குது. கிழங்கைப் பொடிசா வெட்டி நிறைய தண்ணில வேகவச்சு தண்ணியைக் கொட்டணும்னு சொல்லிக் கொடுக்கறதுக்காக ஒரு அக்காகிட்ட போனேன். பூளயை எப்படி வேகவைப்பீங்கன்னு கேட்டேன். வெட்டி, கழுவி, முங்கற தண்ணில கொதிக்கவிட்டு அந்தத் தண்ணியை ஊத்திட்டு, பிறகுதான் தேங்கா அரைச்சுப் போடுவோம்னாங்க. கிழங்குல இருக்கற விஷம் போகறதுக்காகப் பாட்டி காலத்துல இருந்து செய்யறது. அதுல பொட்டாசியமும் கொஞ்சம் சேர்ந்து போயிடுது. அளவு மட்டும் பேசினா போதும்னு ஆச்சு. எங்க ஆத்தூர் பக்கம் அதே கிழங்கு குச்சிக்கிழங்கு, வண்டி வண்டியா சேகோ ஃபேக்டரிக்குப் போய் ஜவ்வரிசியா வரும், இங்க அது மீன் கறியோட ஒரு வேளைச் சாப்பாடு.

போன வாரம் அம்மாகிட்ட போன்ல பேசினேன். அம்மாவுக்கும் பார்டர்ல சுகர். சாயங்காலம் என்னம்மா சாப்டன்னேன், “ஒன்னும் இல்ல கண்ணு, காபிதான் குடிச்சேன்”னாங்க. ரெண்டு வருஷமா இந்தப் பதிலைக் கேட்டு சரின்னு விட்டிருக்கேன். காபிக்கு என்ன கடிச்சுக்கிட்டன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. தட்டுவடை செட்டு ரெண்டு, முறுக்கு நாலு.

பெருநாள் முடிஞ்ச அடுத்த வாரம் ஓபில அந்த முதல் உம்மா வந்தாங்க. என்னை ஞாபகம் வச்சிருந்தாங்க. நான் ஃபார்மை எடுத்து வச்சு வாயைத் திறக்கறதுக்குள்ள அவங்களே சொல்ல ஆரம்பிச்சாங்க, சாய குடிச்சு, அரைக் குற்றி புட்டு, கடல நிறைய, பழம் பாதி. சர்க்கரை இல்லாத சாயா. மூணாவது மாச ரிப்போர்ட்ல சுகர் இறங்கியிருக்கு, இன்னும் இறங்கணும். எல்லாம் எழுதி முடிச்சு பேனாவை மூடப் போனேன், கையைப் பிடிச்சு நிறுத்துனாங்க.

“பெருநாளுக்கு உன்னக்காய் மூணெண்ணம் தின்னு மோளே. அதும் எழுதிக்கோ.”

எழுதிக்கிட்டேன்.